தொண்டரும் டிரஸ்ஸரும்

ஜொகூரில் குடியை விடச் சொன்னவர்களுக்கு எந்தக் காலத்திலும் பஞ்சம் இருந்ததில்லை. தோட்டத்து வாத்தியார் சொன்னார், பத்திரிகைக்காரர் எழுதினார், சங்கத்துக்காரர் மேடை போட்டார், பாதிரியார் ஜெபம் செய்தார், கோயில் தலைவர் சூடம் ஏற்றிச் சத்தியம் வாங்கினார், போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. இவர்களில் பெரும்பாலோர் உள்ளன்போடு செய்தவர்கள். ஆனால் ரெங்கத்தில் இந்த வேலையைச் செய்தவருக்கு, லாயாங்-லாயாங்கில் இதையே செய்துகொண்டிருந்தவர் யாரென்று தெரியாது. இரண்டும் ஒரே ரயில் பாதையில் அடுத்தடுத்த ஊர்கள். நூறு வருடக் கதையைத் தேடிப் படித்த பிறகு நான் வந்திருக்கும் முடிவு இது: இங்கே குடிக்கு எதிரான முயற்சிகள் தோற்ற இடங்களில் பலவற்றில், ஒருவர் கையில் இருந்த மருந்து இன்னொருவருக்குத் தெரியாமலே போயிருக்கிறது.

நான் குளுவாங்கில் இருக்கிறேன். அரசாங்க மருத்துவமனைகளில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவள். கடைத்தெருவில் இன்னும் பலர் என்னை "மிஸ்ஸி" என்றுதான் கூப்பிடுகிறார்கள். அப்பா தோட்டத்து டிரஸ்ஸர், அதாவது டிஸ்பென்சரியில் மருந்து கொடுப்பவர். ஓய்வுக்குப் பிறகு நான் எடுத்துக்கொண்ட தொண்டு, குடியையும் போதைப்பொருளையும் விட்டவர்கள் கூடும் சிறு குழுக்களுக்கு நடுவே செய்தி கொண்டுபோவது. லாபிஸ், குளுவாங், கூலாய், மாசாய், ஜொகூர் பாரு என்று ஆங்காங்கே கூடுகிறார்கள். எந்தக் குழு என்று கூடுகிறது, எந்த மொழியில் பேசுகிறது, மனைவியைக் கூட்டிக்கொண்டு போகலாமா, பஸ் உண்டா என்று கேட்டு எழுதி மற்றவர்களுக்குத் தெரியப்படுத்துகிறேன். கேட்க மிகச் சாதாரணமான வேலை. இதை நம் முன்னோர் ஏன் செய்யவில்லை என்ற கேள்விதான் என்னைப் பழைய கதைக்குள் இழுத்தது. அப்புறம்தான் தெரிந்தது, சிலர் செய்திருக்கிறார்கள்.

முதலில் அபினைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். தமிழர்கள் பெருமளவில் வருவதற்கு முன்பே இந்த மாநிலத்தில் போதை ஓர் அரசாங்க வருமானம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலிருந்து ஜொகூர் ஆட்சியாளர்கள் ஆற்றங்கரைகளைச் சீனத் தலைவர்களுக்கு எழுதிக் கொடுத்தார்கள். அப்படிப் பெற்றவரைக் கங்சு என்பார்கள். காம்பிர், மிளகுத் தோட்டங்கள் போட ஆள் கொண்டுவருவது அவர் பொறுப்பு. அந்த ஆட்களுக்கு அபினும் சாராயமும் விற்பது, சூதாட்டம் நடத்துவது, அடகுக்கடை வைப்பது எல்லாம் அவர் உரிமை. கூலி ஒரு கையால் வாங்கியதை மறு கையால் அதே முதலாளியிடம் கொடுத்தான். கங்சு முறை 1917-ல் ஒழிக்கப்பட்டது.

இந்தக் கதையில் நான் மறக்கவே கூடாது என்று நினைப்பது 1906-ம் ஆண்டை. சிங்கப்பூரில் அபின் எதிர்ப்புச் சங்கம் தொடங்கியது. டாக்டர் லிம் பூன் கெங், டாக்டர் யின் சுவாட் சுவான் போன்றவர்கள் அதில் இருந்தார்கள். "விடு" என்று சொன்னதோடு அவர்கள் நிற்கவில்லை. அபின் பழகியவர்கள் வந்து தங்கி வைத்தியம் பார்த்துக்கொள்ள ஓர் இடத்தையும் ஏற்படுத்தினார்கள். ஈப்போவிலும் பினாங்கிலும் கோலாலம்பூரிலும் இதே மாதிரிச் சங்கங்கள் எழுந்தன. 1907-ல் ஈப்போவில் அவர்கள் மாநாடு கூட்டினார்கள். தனித்தனி ஊர்ச் சங்கங்கள் ஒன்றாக உட்கார்ந்து, நீ என்ன மருந்து கொடுக்கிறாய், நான் எங்கே தங்க வைக்கிறேன் என்று பேசிக்கொண்ட முதல் தருணங்களில் இதுவும் ஒன்று. டாக்டரும் தொண்டரும் ஒரே மேசையில் இருந்தார்கள். அவர்கள் குரல் அரசாங்கம் வரை போனது. ஆனால் கிடைத்த விடை கசப்பானது. குத்தகைக்காரரிடமிருந்து அபினைப் பிடுங்கி, 1910 முதல் நீரிணைக் குடியேற்றங்களில் அரசாங்கமே விற்கத் தொடங்கியது. இரண்டாம் உலக யுத்தம் முடிந்து பிரிட்டிஷார் திரும்பி வந்த பிறகுதான் அபின் விற்பனை சட்டப்படி முடிவுக்கு வந்தது.

தமிழர் கதை ரயிலோடு வருகிறது. கெமாஸிலிருந்து ஜொகூர் பாரு வரை பாதை 1909-ல் முடிந்தது. சிகாமட், லாபிஸ், பெக்கோக், பாலோ, குளுவாங், ரெங்கம், கூலாய் என்று தண்டவாளத்தின் இருபுறமும் ரப்பர் வளர்ந்தது. திருச்சி, தஞ்சாவூர், சேலம், வட ஆற்காடு ஜில்லாக்களிலிருந்து கங்காணிகள் ஆள் கட்டிக்கொண்டு வந்தார்கள். தொழிலாளர் குடியிருக்க லயம் கட்டினார்கள், கோயில் கட்டினார்கள், பள்ளிக்கூடம் என்று ஒரு கொட்டகை போட்டார்கள். கள்ளுக்கடையும் வந்தது.

தென்னங்கள் இறக்கிய சில மணி நேரத்தில் புளிக்கத் தொடங்கிவிடும். மறுநாளைக்கு வைத்திருக்க முடியாது. ஆகவே கடை தோட்டத்துக்குள்ளோ தோட்டத்தின் ஓரத்திலோ இருந்தாக வேண்டும். விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய், மரம் வெட்டி, பால் எடுத்து, நிறுத்துக் கொடுத்துவிட்டு வருகிறவர் வீட்டுக்குப் போகும் வழியில் அது திறந்திருக்கும். கள்ளுக்கடையை மூடக் கேட்டபோதெல்லாம் துரைமார்கள் ஒரே பதிலைச் சொன்னார்கள்: மூடினால் சம்சுவுக்குப் போவார்கள். சம்சு என்பது மலிவான வடிசாராயம். அது கள்ளைவிடப் பன்மடங்கு கடுமையானது என்பது உண்மை. ஆனால் அந்த உண்மையைச் சொல்லிக்கொண்டே கள்ளுக்கடையைப் பல பத்தாண்டுகள் காப்பாற்றினார்கள். கடைசியில் தொழிலாளிக்குக் கள்ளும் கிடைத்தது, சம்சுவும் கிடைத்தது.

அப்பாவின் நோட்டுப் புத்தகம் ஒன்று என்னிடம் இருக்கிறது. 1950-களில் டிஸ்பென்சரியில் எழுதியது. தேதி, ஆள், என்ன நோவு, என்ன மருந்து என்று கோடு போட்டு எழுதியிருப்பார். சம்பளத்துக்கு மறுநாள் பக்கங்களைப் பார்த்தாலே தெரியும். மண்டை உடைந்தவர், கையில் வெட்டுப்பட்டவர், "கீழே விழுந்துவிட்டேன்" என்று சொன்ன பெண்கள், காய்ச்சல் முற்றிய பிறகு தூக்கிக்கொண்டு வரப்பட்ட பிள்ளைகள். "விழுந்துவிட்டேன்" என்பதை அவர் அப்படியே எழுதிவிட்டு பக்கத்தில் ஒரு சிறு கோடு இழுத்திருப்பார். அந்தக் கோட்டுக்கு என்ன அர்த்தம் என்று அவர் எனக்குச் சொல்லவில்லை. வார்டில் வேலை செய்த பிறகு சொல்ல வேண்டிய தேவையும் இருக்கவில்லை.

சீர்திருத்தக் குரல் தெற்கிலிருந்தும் வடக்கிலிருந்தும் வந்தது. 1929 டிசம்பரில் பெரியார் மலாயாவுக்கு வந்தார். சாதி, மூடப்பழக்கம், ஆடம்பரச் செலவு இவற்றைக் கடிந்து ஊர் ஊராகப் பேசினார். 1932-ல் சிங்கப்பூரில் தமிழர் சீர்திருத்தச் சங்கம் அமைந்தது. கோ. சாரங்கபாணி 1935-ல் தமிழ் முரசைத் தொடங்கினார். கோலாலம்பூரிலிருந்து தமிழ் நேசன் 1924 முதலே வந்துகொண்டிருந்தது. ஜொகூர் நீரிணைப் பாலமும் 1924-ல் திறக்கப்பட்டதால், சிங்கப்பூரில் அச்சான தாள் தோணி ஏறாமல் ரயிலிலேயே வடக்கே வர வழி உண்டாயிற்று. படிக்கத் தெரிந்தவர் ஒருவர் லயத்து வாசலில் உட்கார்ந்து உரக்கப் படிப்பார், சுற்றி இருப்பவர்கள் கேட்பார்கள். சிறுவயதில் தானும் அப்படிக் கேட்டுத்தான் எழுத்தின் மீது ஆசை வந்தது என்று அப்பா சொல்லுவார்.

தமிழ்நாட்டு ஊர்களிலும் அப்போது மதுவிலக்குப் பேச்சுதான். ராஜாஜி 1929-ல் திருச்செங்கோடு காந்தி ஆசிரமத்திலிருந்து "விமோசனம்" என்று மதுவிலக்குக்கென்றே ஓர் இதழ் நடத்தினார். கல்கி அதில் துணையாக இருந்தார். அந்த இதழ் நீண்ட காலம் வரவில்லை என்றாலும் அதன் யோசனையை நான் மிக உயர்வாக மதிக்கிறேன். கிராமத்துக்குக் கிராமம் தனியாகப் போராடுகிறவருக்கு, இன்னொரு கிராமத்தில் என்ன நடந்தது என்று சொல்ல ஒரு தாள் வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. 1937 அக்டோபர் 1-ம் தேதி, ராஜாஜி முதல்வராக இருந்தபோது, சேலம் ஜில்லாவில் மதுவிலக்கு அமலுக்கு வந்தது. சேலத்திலிருந்து வந்தவர்கள் நிறைந்திருந்த நம் தோட்டங்களில் அந்தச் செய்திக்கு எவ்வளவு கனம் இருந்திருக்கும். சொந்த ஊரில் கடையை மூடிவிட்டார்கள், இங்கே மட்டும் ஏன் திறந்திருக்கிறது என்ற கேள்வி இயல்பாக எழும்.

எழவும் செய்தது. 1941-ல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பெரும் வேலைநிறுத்தம் நடந்தபோது, தலைமை ஏற்றவர்களில் முக்கியமானவர் ஆர்.எச். நாதன், தமிழ் நேசன் பத்திரிகையாளர். சீனத் தொழிலாளிக்குச் சமமான கூலி, துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்க வேண்டும் என்ற அவமானத்துக்கு முடிவு ஆகிய கோரிக்கைகளோடு கள்ளுக்கடையை மூடு என்பதும் இருந்தது. குடியைத் தன்மானத்தோடு சேர்த்துப் பார்த்தவர்கள் அவர்கள். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் இறந்தார்கள், நாதன் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். அந்த ஆண்டின் முடிவில் ஜப்பானியர் வந்தார்கள். சயாம் மரண ரயிலுக்கு ஜொகூர்த் தோட்டங்களிலிருந்தும் ஆட்களை ஏற்றிக்கொண்டு போனார்கள். அதை ஒரு வரியில் கடந்துபோவது எனக்கு வலிக்கிறது. ஆனால் அது தனியாக எழுத வேண்டிய கதை.

யுத்தம் முடிந்து வந்தவர்கள் பழைய ஆட்களாக இல்லை. நேதாஜியின் படையில் அணிவகுப்புப் பழகியவர்கள் அவர்களில் இருந்தார்கள். கெடாவில் பீடோங் பக்கம் ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ.எம். சாமி என்பவர் தலைமையில் தொண்டர் படை உருவாயிற்று. சீருடை, அணிவகுப்பு, கட்டுப்பாடு. அவர்களுடைய முதல் எதிரி கள். குடித்துவிட்டு வந்தவர்களைப் பிடித்துத் தண்டித்தார்கள். 1947-ன் தொடக்கத்தில் பீடோங் கள்ளுக்கடை முன் மறியல் செய்தார்கள், போலீசோடு மோதல் ஏற்பட்டது, பலர் கைதானார்கள். பிறகு அரசாங்கம் அந்த இயக்கத்தை நசுக்கிவிட்டது. மலாயாத் தமிழர் வரலாற்றில் குடிக்கு எதிராக நடந்த மிகத் துணிச்சலான போராட்டம் அதுதான் என்று நான் நம்புகிறேன். அந்த இளைஞர்களை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் நெகிழ்கிறது.

நான் தாதிப் பயிற்சிக்குப் போன புதிதில் வீட்டில் ஒரு நாள் இதைப் பற்றிப் பேச்சு வந்தது. பள்ளிக்கூட ஆசிரியர் ஒருவர் அப்பாவைப் பார்க்க வந்திருந்தார். தொண்டர் படையைப் புகழ்ந்து பேசினார். அப்பா கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "சார், கடையை மூடிட்டாங்க, சரி. மூணாம் நாள் ராத்திரி நடுங்கினவனை யார் பார்த்தது?" என்றார். ஆசிரியருக்குக் கேள்வி விளங்கவில்லை. எனக்கு விளங்க இன்னும் சில மாதங்கள் ஆயின, ஆண்கள் வார்டில் இரவு வேலை போட்ட பிறகு.

வருடக்கணக்காக நாள்தோறும் கடுமையாகக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் உடம்பு அதைத் தாங்காது. முதல் நாளிலேயே கை நடுக்கமும் வியர்வையும் தொடங்கும். முதல் இரண்டு நாளுக்குள் சிலருக்கு வலிப்பு வரும். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் சிலருக்குப் புத்தி பேதலிக்கும். சுவரில் பூச்சி ஊர்வதாகவும் யாரோ கொல்ல வருவதாகவும் கத்துவார்கள், ட்ரிப்பைப் பிடுங்குவார்கள். இந்த நிலையில் கவனிப்பில்லாமல் விட்டால் இறந்துபோகலாம். மருத்துவமனையில் இதற்கு வழி இருக்கிறது. நடுக்கத்தை அடக்கும் மாத்திரையைக் கொடுத்து நாளுக்கு நாள் குறைப்போம். குளுக்கோஸ் ஏற்றுமுன் வைட்டமின் பி1 ஊசி போடுவோம், இல்லாவிட்டால் மூளைக்குச் சேதம் வரும். நீர் கொடுப்போம், பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்திருப்போம். இது தெரியாதவர்களுக்கு, அந்த ஆள் மறுபடி குடிக்க ஓடுவது சத்தியத்தை மீறியதாகத்தான் தெரியும். சாமி குத்தம் என்பார்கள், பேய் பிடித்துவிட்டது என்பார்கள். குடித்ததும் நடுக்கம் நின்றுவிடுவதால், "பாத்தியா, இவனுக்குக் குடிதான் மருந்து" என்றும் சொல்லிவிடுவார்கள்.

அப்பா கேட்டது அதைத்தான். தொண்டர் கையில் மன உறுதி இருந்தது, டிரஸ்ஸர் கையில் மருந்து இருந்தது. கோயிலுக்கு மண்டபம் இருந்தது, பத்திரிகையில் செய்தி இருந்தது. பல தோட்டங்களில் இந்த நான்கும் இருந்தும், மறியலுக்கு முதல் நாள் டிரஸ்ஸரைப் பார்த்து "ஐயா, நாளைக்குக் கடையை மறிக்கிறோம், ரொம்பக் குடிக்கிற ஆட்கள் இத்தனை பேர் இருக்காங்க" என்று யாரும் சொன்னதாகத் தெரியவில்லை. சொல்ல முடியாததற்குக் காரணமும் இருந்தது. டிரஸ்ஸர் தோட்ட நிர்வாகத்தின் சம்பளக்காரர், கணக்கெழுதும் கிராணியோடு சேர்த்து எண்ணப்பட்டவர், துரையின் ஆள். தொண்டர்களுக்கு அவர் எதிர்ப்பக்கம். அந்தச் சுவர் துரைமார்களுக்கு வசதியாக இருந்தது. குடிக்கிற குடும்பத்துக்கு அதுவே கேடாக முடிந்தது.

பேதலித்தவர்கள் கடைசியில் தம்போய்க்குப் போனார்கள். ஜொகூர் பாருவுக்கு வெளியே அங்கே 1937-ல் மனநல மருத்துவமனை திறக்கப்பட்டது. இன்று அதற்கு ஹாஸ்பிட்டல் பெர்மாய் என்று பெயர். எங்கள் பக்கத்தில் "உன்னைத் தம்போய்க்குத்தான் அனுப்பணும்" என்பது வசவு. அந்த வசவுக்குப் பயந்தே எத்தனையோ குடும்பங்கள் குடிநோயாளியை வீட்டுக்குள் பூட்டி வைத்தன. அங்கே போய்க் குணமாகித் திரும்பியவர்களும் உண்டு. அவர்கள் அதைப் பற்றிப் பேசவில்லை, பேசவும் விடவில்லை. அடுத்த லயத்தில் இருப்பவருக்குப் பயன்பட்டிருக்க வேண்டிய அனுபவம் அப்படியே புதைந்தது.

1970-களிலிருந்து தோட்டங்கள் மாறின. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, ஆள் தேவை குறைந்தது. பாசிர் கூடாங்கில் துறைமுகமும் தொழிற்சாலைகளும் எழுந்தன. லயத்தை விட்டு வந்தவர்கள் மாசாய், உலு திராம், ஸ்கூடாய் பக்கத்துத் தாமான்களில், அதாவது வீட்டுக் குடியிருப்புகளில், வாடகைக்கு இருந்தார்கள். தோட்டத்தில் எவ்வளவு கஷ்டமிருந்தாலும், ஒருவர் மூன்று நாள் பெரட்டுக்கு வராவிட்டால் யாராவது கதவைத் தட்டுவார்கள். தாமானில் தட்ட ஆளில்லை. அதே காலத்தில்தான் ஹெராயின் வந்தது. குடித்த அப்பனின் பிள்ளை ஊசி போட்டுக்கொண்டு வார்டுக்கு வந்ததை நான் பார்த்தேன். சில வருடங்கள் கழித்து எச்.ஐ.வி. வந்தது.

அரசாங்கம் போதைப்பொருளை மிகத் தீவிரமாக எடுத்துக்கொண்டது. 1976-ல் போதைப்பொருள் தடுப்புக்கான பெமாடாம் சங்கம் அமைந்தது. 1983 பிப்ரவரி 19-ல் போதைப்பொருளை நாட்டுக்கே ஆபத்து என்று அறிவித்தார்கள். இன்றும் அந்த நாள்தான் தேசிய போதைப்பொருள் எதிர்ப்பு நாள். அதே ஆண்டின் சட்டம், போதைக்கு அடிமையானவரை இரண்டு ஆண்டுகள் மையத்தில் வைத்து, மேலும் இரண்டு ஆண்டுகள் கண்காணிக்க வழி செய்தது. பூசாட் செரெந்தி என்ற மையங்களில் ஒன்று அதே தம்போயில் இருந்தது. ராணுவ முகாம் மாதிரியான ஒழுங்கு. உள்ளே இருக்கும்வரை பலர் தெளிவாக இருந்தார்கள். வெளியே வந்து ஜொகூர் பாரு பஸ் நிலையத்தில் இறங்கும்போது, அடுத்து யாரிடம் போக வேண்டும் என்று அவர்கள் சட்டைப் பையில் எழுதி வைக்க யாரும் இல்லை. 2005-ல் மெத்தடோன் சிகிச்சையும் அடுத்த ஆண்டு ஊசி மாற்றித் தரும் திட்டமும் வந்தன. 2010-ல் தாமாகவே வந்து சிகிச்சை பெறும் கிளினிக்குகளைத் திறந்தார்கள். நல்ல மாற்றங்கள். நான் வேலையில் இருந்த கடைசிக் காலத்தில் இதனால் உயிர் பிழைத்தவர்களை நேரில் பார்த்திருக்கிறேன். ஆனால் இவையெல்லாம் போதைப்பொருளுக்கு. நம் ஆட்களில் பலரைக் கொன்றுகொண்டிருந்த சம்சுவுக்கு இப்படி ஒரு திட்டம் எழவில்லை. சிறு போத்தலில், மீன் வாங்குகிற காசுக்கு, மளிகைக்கடையிலேயே கிடைத்தது.

வெளியுலகத்தில் இதற்கு வழி கண்டவர்களைப் பற்றி நான் படித்ததில் இரண்டு விஷயங்கள் என்னை விட்டுப் போகவே இல்லை. ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் 1935-ல் அமெரிக்காவில் அக்ரன் நகரத்தில் இரண்டு குடிநோயாளிகளின் சந்திப்பில் தொடங்கியது என்பது பலருக்குத் தெரியும். அது எப்படிப் பரவியது என்பது அவ்வளவாகத் தெரியாது. 1941 மார்ச்சில் ஒரு பெரிய வாரப் பத்திரிகை அவர்களைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டது. உதவி கேட்டு ஆயிரக்கணக்கில் கடிதங்கள் நியூயார்க் அலுவலகத்துக்கு வந்து குவிந்தன. அவற்றுக்குப் பதில் எழுதும் வேலையின் நடுவில் இருந்தவர் ரூத் ஹாக் என்ற செயலாளர். அவர் குடிநோயாளி அல்ல. எந்த ஊரில் யார் தனியாகத் தவிக்கிறார், அந்தப் பக்கம் போகிற உறுப்பினர் யார் என்று பார்த்து இருவரையும் சேர்த்துவைத்தார்கள். அந்த ஒரே ஆண்டில் உறுப்பினர் எண்ணிக்கை சுமார் 2,000-லிருந்து 8,000 ஆயிற்று. அதற்குப் பின்னால் மேடைப் பேச்சைவிடத் தபால் வேலைதான் அதிகம்.

இரண்டாவது சென்னையில். சாந்தி ரங்கநாதன் கணவரைக் குடிநோயில் இழந்தவர். டி.டி.கே. குடும்பத்து மருமகள். 1980-ல் குடிநோய்க்கென்றே ஒரு சிகிச்சை மையத்தைத் தொடங்கினார். குடியை ஒழுக்கக் கேடாகப் பார்த்த ஊரில் அதை நோய் என்று சொல்லி, மனைவியையும் சேர்த்துச் சிகிச்சைக்குள் கொண்டுவந்தார். 1989-லிருந்து மஞ்சக்குடி என்ற கிராமத்தில் முகாம் நடத்தினார்கள். டாக்டரும் ஆலோசகரும் கிராமத்துக்கே போய், அங்கேயே தங்க வைத்து, ஊர்க்காரர்களையும் பொறுப்பேற்கச் செய்து வைத்தியம் பார்த்தார்கள். தொண்டரும் டிரஸ்ஸரும் கோயில் மண்டபமும் ஒரே இடத்தில். தஞ்சைப் பக்கத்துக் கிராமம் அது, நம் தோட்டங்களில் பலரின் பூர்வீகம் அந்தப் பக்கம்தான். அதைப் படித்த அன்று அப்பா உயிரோடு இல்லையே என்று நினைத்தேன்.

இன்று ஜொகூரில் என்ன இருக்கிறது என்று பார்த்தால் குறைவில்லை என்றே சொல்வேன். ஒரு கோயில் மண்டபத்தில் வெள்ளிக்கிழமை பூஜைக்குப் பிறகு நாற்காலிகளை வட்டமாகப் போட்டு உட்காருகிறார்கள். ஒரு தேவாலயத்தின் பின்னறையில் சீனர்களும் தமிழர்களும் ஆங்கிலத்தில் பேசிக்கொள்கிறார்கள். மலாயில் நடக்கும் கூட்டங்கள் இருக்கின்றன. ஐயப்பனுக்கு மாலை போட்டு நாற்பத்தெட்டு நாள் குடிக்காமல் இருந்தவர்கள், மாலை கழற்றிய பிறகும் அதைத் தொடர வேண்டும் என்று தாங்களே சேர்ந்து சந்திப்பதையும் கண்டேன். மாலை கழற்றும் நாள்தான் ஆபத்தான நாள் என்று ஒரு குருசாமி என்னிடம் சொன்னார். வார்டில் வேலை செய்யாமலே அவருக்கு அது தெரிந்திருந்தது.

நான் கொண்டுபோவது ஒரே தாள், இரண்டு பக்கம், மூன்று மொழி. நாள், நேரம், இடம், மொழி, குடிக்கா போதைப்பொருளுக்கா, குடும்பத்தார் வரலாமா, பெண்கள் தனியாகப் பேச இடமுண்டா, பொதுப் போக்குவரத்து உண்டா. ஆள் பெயர் ஒன்றுகூடக் கிடையாது. இந்தக் குழுக்களின் உயிரே பெயர் வெளியே போகாது என்ற நம்பிக்கைதான். வாட்ஸ்அப் குழுவில் எல்லாரையும் சேர்த்துவிடலாமே என்று இளைஞர்கள் சொன்னார்கள். சேர்த்தால் எண் தெரியும், படம் தெரியும், வேலை பார்க்கிற இடத்து ஆள் ஒருவர் பார்த்துவிட்டால் போதும். அதனால் குழுவுக்கு ஒருவர் என்று தொடர்பாளர்கள் மட்டும் தங்களுக்குள் பேசிக்கொள்கிறார்கள், தாள் மற்றவர்களுக்கு.

ஒத்துக்கொள்ள வைப்பது சுலபமாக இருக்கவில்லை. மதம் மாற்றிவிடுவார்கள் என்று கோயில்காரர்களுக்குப் பயம். விக்கிரகத்தின் முன் எங்கள் ஆட்கள் உட்கார மாட்டார்கள் என்று தேவாலயத்துப் பக்கம் தயக்கம். குடிப்பவர், "நான் கஞ்சா கேஸ் இல்லைம்மா" என்று போதைப்பொருள் குழுவை ஒதுக்குவார். அவர்கள், "குடிகாரங்க எங்களைக் கேவலமாப் பார்ப்பாங்க" என்பார்கள். நான் யாரையும் ஒன்றாக்கப் பார்க்கவில்லை. தனித்தனியாகவே இருங்கள், அடுத்தவர் கதவு எங்கே இருக்கிறது என்று மட்டும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள் என்றேன்.

லாபிஸ் பக்கத்துத் தம்பி ஒருவர் எட்டு மாதம் குடிக்காமல் இருந்தார். மாசாயில் வேலை கிடைத்துப் போனார். புது இடம், தெரிந்தவர் இல்லை, இரண்டே வாரத்தில் மறுபடி தொடங்கிவிட்டது. மாசாயில் அவர் வீட்டுக்கு நடந்து போகும் தூரத்தில் ஒரு குழு வருடக்கணக்காகக் கூடிக்கொண்டிருந்தது. இப்போது லாபிஸ் குழுவில் யாராவது ஊர் மாறினால், போகிற ஊர்த் தொடர்பாளருக்கு, ஆள் சம்மதித்தால், முதலிலேயே போன் போகிறது. "அண்ணே, நம்ம ஆள் ஒருத்தர் வராரு, சனிக்கிழமை கூட்டிட்டுப் போங்க" என்று. சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர்கள் விடியற்காலை நான்கு மணிக்கே பாலத்தில் நிற்க வேண்டும் என்பதால், ஜொகூர் பாருவில் ஒரு குழு கூட்டத்தை ஞாயிறு மாலைக்கு மாற்றியது. மாற்றியதை மற்றவர்களுக்குச் சொன்னார்கள். அப்படிச் சொன்னதுதான் எனக்குப் பெரிய சந்தோஷம்.

மருத்துவமனைகளோடு இன்னும் நிறைய செய்ய வேண்டும். வலிப்பு நின்று, நான்கு நாள் தெளிந்து, டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்குப் போகிற ஆள் கையில் மாத்திரைக் கவரோடு அந்தத் தாளும் இருக்க வேண்டும். ஒரு வார்டில் அதை வைக்கக் கேட்டபோது, சுற்றறிக்கை இல்லாமல் முடியாது என்று திருப்பி அனுப்பினார்கள். வேறொரு இடத்தில் இளம் தாதி ஒருவர் தானாகவே வாங்கி மேசையில் வைத்துக்கொண்டார்.

பத்திரிகையின் இடமும் காலியாகத்தான் இருக்கிறது. தமிழ் நேசன் 2019-ல் நின்றுவிட்டது. லயத்து வாசலில் உரக்கப் படித்த காலம் திரும்பி வராது. அதனால் கோயில் கமிட்டிகளையும் தேவாலயங்களையும் பள்ளிப் பெற்றோர் சங்கங்களையும் நேராகவே கேட்டுக்கொள்கிறேன். உங்கள் இடத்தில் இப்படி ஒரு கூட்டம் நடந்தால் அதன் நாளையும் நேரத்தையும் அறிவிப்புப் பலகையில் மூன்று மொழியில் எழுதி வையுங்கள். நேரத்தை மாற்றினால் பக்கத்து ஊர்க் குழுவுக்குச் சொல்லுங்கள். நாள்தோறும் குடிக்கிற ஒருவர் விடுகிறேன் என்று உங்கள் முன்னால் வந்து நின்றால், சூடம் ஏற்றுவதற்கு முன் அவரை மருத்துவமனைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். முதல் நான்கு நாள் அவர் டாக்டரின் கண்ணில் இருக்கட்டும். சத்தியம் ஐந்தாம் நாள் வாங்கிக்கொள்ளலாம்.